புகையோடு ஏறி, தண்ணீரோடு இறங்கி: ஃபயர்பிளேஸ் வீட்டுச் சொற்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960, 70களில் கட்டிய செங்கல் வீடு வாங்குபவர்களுக்கு ஹோலில் ஒரு ஃபயர்பிளேஸும், அதாவது குளிர்காயச் சுவரோடு கட்டிய விறகடுப்பும், சேர்ந்து வருவது வழக்கம். சில வீடுகளில் பேஸ்மென்றில் இன்னொன்றும் இருக்கும். விறகு எரிப்பதாகச் சொன்னால் காப்புறுதிக்காரர் கேட்பது ‘வெட்’ (WETT) அறிக்கை, அதாவது விறகடுப்பும் புகைபோக்கியும் பாதுகாப்பானவையா என்று சோதித்துத் தரும் அறிக்கை. டம்பர், க்ரவுன், லைனர் என்று அதில் வரும் சொற்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. புகை ஏறும் வழியில் ஒருமுறை போய், மழைத்தண்ணீர் இறங்கும் வழியில் ஒருமுறை வந்தால் எல்லாம் பிடிபடும்.

நெருப்பு எரியும் குழி ஃபயர்பாக்ஸ். உள்ளே பதித்திருப்பது வெப்பம் தாங்கும் ஃபயர்பிரிக். அதற்குச் சாந்தும் தனி. முன்பு இருந்தவர் சாதாரணச் சீமெந்தால் பூசியிருந்தால் சில குளிர்காலங்களிலேயே அது உதிரும். சாவி நுனியால் கல்லிடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். மணலாகக் கொட்டினால் பின்னால் இருக்கும் மரச் சட்டத்துக்குச் சூடு போக வழி திறந்திருக்கலாம்.

முன்னால் தரையில் நீளும் கல்மேடை ஹார்த். ஃபயர்பாக்ஸின் திறந்த வாய்க்கு முன்பக்கம் 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் வேண்டும். வீடு திருத்தும்போது வடிவுக்காக இதன்மேல் மரத்தளம் ஓட்டிவிட்டு, பிறகு அறிக்கையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. வாய்க்கு மேலிருக்கும் தட்டு மான்டில். அந்தச் சுவரில் தொலைக்காட்சி மாட்ட நினைப்பவர்கள், நெருப்பு ஒரு மணிநேரம் எரிந்தபின் அங்கே கை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வாய்க்கு மேலே உட்பக்கம் இருக்கும் இரும்பு மூடி டம்பர். பற்றவைக்க முன் திறக்க வேண்டும். பூட்டுவதில்தான் ஆபத்து. சுவாலை அடங்கிவிட்டது என்று தணலோடு பூட்டினால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள்ளேயே நிற்கும். சாம்பல் முழுதாக ஆறிய பிறகே பூட்டுங்கள். அந்தச் சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள், மர டெக்கின்மேல் அல்ல.

டம்பருக்குப் பின்னால் இருக்கும் திட்டு ஸ்மோக் ஷெல்ஃப். மேலிருந்து விழும் கரி, இலை, குருவிக்கூடு எல்லாம் அங்கேதான் சேரும். அதற்கு மேலே புனல்போல ஒடுங்குவது ஸ்மோக் சேம்பர். அது போய்ச் சேரும் குழாய் ஃப்ளூ, அதன் உள்ளுறை லைனர். பழைய வீடுகளில் லைனர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுட்ட மண் குழாய்கள்.

ஃப்ளூவின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: சதுரக் குழாயின் பரப்பு, வாயின் பரப்பில் குறைந்தது பத்தில் ஒன்று. வாய் 36 க்கு 30 அங்குலம் என்றால் 1080. ஃப்ளூ 108 சதுர அங்குலம் வேண்டும். உள்ளளவு 8 அங்குலச் சதுரம் 64 தான். அப்படியான இடத்தில் எந்த விறகு வைத்தாலும் புகை ஹோலுக்கே திரும்பும், வாய்க்கு மேல் சுவர் கறுத்திருக்கும். கணக்குச் சரியாக இருந்தும் புகைத்தால், பெரும்பாலும் குழாய் குளிர்ந்து கிடக்கிறது, அல்லது சமையலறை விசிறி வீட்டுக் காற்றை இழுக்கிறது. விசிறியை நிறுத்தி, யன்னலை ஒரு அங்குலம் திறந்து, சுருட்டிய பத்திரிகையைக் கொளுத்தி டம்பர் அருகே ஒரு நிமிடம் பிடியுங்கள்.

க்ரியோசோட் என்பது புகை குளிர்ந்து குழாய்ச் சுவரில் படியும் தார். ஈர விறகும் மந்தமான நெருப்பும்தான் காரணம். விறகின் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் ஈரம் அளக்கும் மீற்றரைக் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் பொய் சொல்லும். படிவு முதலில் தூள், பிறகு செதில், கடைசியில் கண்ணாடிபோல மின்னும் பூச்சு. தூளைத் தூரிகை எடுத்துவிடும். மின்னும் பூச்சுக்குத் தூரிகை போதாது. 3 மில்லிமீற்றர் சேர்ந்தாலே சுத்தம் செய்யும் நேரம்தான். குழாய்க்குள் அது பற்றினால் ரயில் ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும். ஆராய நிற்காமல் வெளியே வந்து 911 ஐ அழையுங்கள். தீ தானாக அடங்கினாலும் மண் லைனர் வெடித்திருக்கலாம்; உள்ளே கமெரா விட்டுப் பார்க்காமல் அடுத்த நெருப்பு மூட்டக்கூடாது.

இனி மேலிருந்து இறங்குவோம். உச்சியில் மழையும் அணிலும் நுழையாமல் இருக்கும் வலைமூடி கேப். மலிவான சாமான், இல்லாமல் விட்டால் வரும் செலவு மலிவல்ல. அதன் கீழே செங்கல்லை மூடும் கொங்கிரீட் பலகை க்ரவுன். அது செங்கல்லைத் தாண்டி 2 அங்குலம்போல வெளியே நீண்டு தண்ணீரைச் சொட்டவிட வேண்டும். மிஞ்சிய சாந்தை மெல்லிசாகப் பூசி முடித்த க்ரவுன்கள் வெடித்து, தண்ணீரை நேரே கல்லுக்குள் விடும். ரொறன்ரோக் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். செங்கல்லின் முகம் தட்டையாகக் கழன்று விழும். அறிக்கையில் அதற்குப் பெயர் ஸ்போலிங். அதற்கு முன்பே கல்லில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும். அப்போதே க்ரவுனைப் பார்த்தால் வேலை சிறிது. பெயின்ற் அடித்து மறைத்தால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் வேகமாகக் கழலும்.

கூரையும் புகைபோக்கியும் சேரும் மூலையில் மடித்த தகரம் ஃப்ளாஷிங். அதன் மேல்விளிம்பு கல்லிடுக்குக்குள் செருகியிருக்க வேண்டும். தார் அப்பியிருந்தால் அது தற்காலிகம்தான்.

அறிக்கைகளில் அடிக்கடி தப்பிப்போகும் ஒன்று. பேஸ்மென்றில் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸை மாற்றிப் புதியது போடும்போது அதன் புகை பிளாஸ்ரிக் குழாயால் பக்கச் சுவர் வழியே போய்விடும். முன்பு ஃபர்னஸோடு சேர்ந்து பாவித்த பெரிய ஃப்ளூவில் சுடுதண்ணீர்த் தாங்கி மட்டும் தனித்து நிற்கும். அதன் சிறிய சூடு குழாயைச் சூடாக்கப் போதாமல், காஸ் புகையின் ஈரம் அமிலமாகச் சுவரில் படிந்து மண் லைனரையும் சாந்தையும் தின்னும். தாங்கிக்கு அளவான உலோக லைனர் ஒன்றை உள்ளே இறக்குவதே தீர்வு. அந்தப் புகைபோக்கியின் அடியில் க்ளீன்அவுட் என்ற சிறிய இரும்புக் கதவு இருக்கும். திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள்: ஓட்டுச் சில்லுகளும் ஈர மணலும் குவிந்திருந்தால் லைனர் மேலே உடைந்துகொண்டிருக்கிறது.