21 கேள்விகள்: லெந்து கால நாட்குறிப்பு

3 மார்ச் 2024, ஞாயிறு

இன்று சர்ச்சில் திருவிருந்து. சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்த தட்டு என் கையில். மூன்றாவது வரிசைக்கு வரும்போது கிண்ணங்கள் கிணுகிணுவென்று உரச ஆரம்பித்தன. என் கை நடுங்குகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. நெஞ்சு அடித்துக்கொள்ள, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. தம்பி இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனான், ஏழு மாதமாகிறது. தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஈசிஜி எடுத்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறதாம். டாக்டருக்கு என் மகள் வயசு. "அங்கிள், ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

6 மார்ச், புதன்

ஜெபக்குழு வீட்டுக்கு வந்தது. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஆறுதலாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. காபி குடிக்கும்போதுதான் ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "விசுவாசம் இருந்தா பயம் எப்படி வரும் பிரதர்? அறிக்கை செய்யாத பாவம் ஏதாச்சும் இருக்கா பாருங்க."

ராத்திரி 2 மணி வரைக்கும் பார்த்தேன். ஒன்றிரண்டு கிடைக்கவும் செய்தது. தூக்கம்தான் கிடைக்கவில்லை.

14 மார்ச், வியாழன்

அரசாங்க கிளினிக். பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). ரமலான் நோன்பு மூன்றாம் நாள் என்றாலும் மிஸ்ஸி (நர்ஸ்) சிரித்த முகமாக ஒரு தாளை நீட்டினார். மலாய் மொழியில் 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை வட்டம் போட வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் தனித்தனியாக அளக்கிற தாளாம், டாஸ் என்கிறார்கள். பேனாவை ராஃபியா கயிற்றில் கவுண்டரோடு கட்டியிருந்தார்கள். கயிறு குட்டை. குனிந்துகொண்டே எழுதினேன்.

வாய் உலர்ந்துபோகிறதா? 3. காரணமில்லாமல் பயம் வருகிறதா? 3. கடைசிக் கேள்வி, வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று தோன்றியதா? சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு 1 போட்டேன். சர்ச்சில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 0 என்றுதான் சொல்லியிருப்பேன்.

23 மார்ச், சனி

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ். கீழே பூக்கடை, மாடியில் கவுன்சலரின் அறை. சுவரில் பதிவுச் சான்றிதழ். மலேசியாவின் 1998 கவுன்சலர் சட்டப்படி அது இல்லாமல் இந்த நாட்டில் யாரும் கவுன்சலர் என்று போர்டு மாட்ட முடியாது. தமிழ்ப் பெண், நெற்றியில் விபூதிக் கீற்று. அக்காவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும்.

"ஜெபம் பண்றப்போ தம்பியைப் பத்தி என்ன சொல்வீங்க சார்?"

பிள்ளைகளுக்காக ஜெபிப்பேன், ஊழியங்களுக்காக ஜெபிப்பேன், நாட்டுத் தலைவர்களைக்கூட விடமாட்டேன். தம்பி பெயரை எடுத்ததே இல்லை. கர்த்தர்மேல் எனக்குக் கோபம் என்று முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது விபூதி பூசிய ஒரு பெண்ணிடம்தான். அவர் முகம் சுளிக்கவும் இல்லை, உபதேசம் பண்ணவும் இல்லை. நான் அழுது முடிக்கும்வரை சும்மா இருந்தார்.

பிறகு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். பயத்தில் மூச்சு வேகமெடுக்கும், ரத்தத்தில் கரியமில வாயு குறையும், விரல் மரப்பது அதனால்தானாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடப் பழக்கினார். ஒரு மணி நேரத்தில் இவ்வளவு.

26 மார்ச், செவ்வாய்

எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தால், பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்தார். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடிக்கு அடியில் படுத்துக்கொண்டு சாவைக் கேட்கிறான். வந்த தூதன் அவன் விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், திரும்பத் தூங்கினவனை விட்டுவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். நூறு தடவை கேட்ட கதை. அந்த அடை இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லுத்தரே மனச்சோர்வில் தவித்தவர் என்றார். மிஷனரிகள் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1957-இலேயே மனநல மையம் வந்துவிட்டதாம், நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்துப் பார்த்தார்களாம். ஐயர் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கிளம்பும்போது, "அந்த அம்மா நம்பரைக் குடுங்கண்ணே, நம்ம சபையில இன்னும் மூணு பேருக்கு வேணும்" என்றார். யார் அந்த மூன்று பேர் என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைகிறது.

7 ஏப்ரல், ஞாயிறு

தட்டு மறுபடி என் கையில். கிண்ணங்கள் இரண்டு தடவை கிணுங்கின. மூச்சை நீளமாக விட்டேன். கடைசி வரிசை வரைக்கும் போய்விட்டேன்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் தம்பி பெயரைச் சொன்னேன். "ஏன் ஆண்டவரே, 46 வயசுதானே" என்று கேட்கும்போது குரல் உயர்ந்துவிட்டது. மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திரும்ப மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.