பெரியம்மாவுக்குத் துணை: வட்டக்கச்சிக் குறிப்புகள்

பெப்ரவரி 9

பெரியம்மாவின் காணிப் பெர்மிட்டைக் காணவில்லை. பக்கத்து வளவு அக்காதான் எடுத்ததென்று படலையடியில் நின்று ஏசியிருக்கிறார். பின்னேரம் போய்த் தேடினேன். அரிசி வாளிக்குள், உரப்பைத் துண்டில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு பெரியம்மாவுடையதுதான். காட்டினால், "பயத்தில கொண்டுவந்து வைச்சிட்டாள்" என்கிறார். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருவது அந்த அக்காதான்.

பெப்ரவரி 13

வயலுக்கு நெல் வெட்டு மெஷின் வந்துவிட்டது. போக முடியவில்லை. தம்பியிடம் சாப்பாடு கொடுத்தனுப்பினேன்.

பெப்ரவரி 16

ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். "எனக்கென்ன விசரே?" என்று செம்பைத் தூக்கி எறிந்தார்.

இரவு கனடாவிலிருந்து அண்ணா, பெரியம்மாவின் மகன், போன் எடுத்தார். "அம்மா வடிவாத்தானே கதைக்கிறா. இடம்பெயர்ந்த கதை ஒண்டும் விடாமல் சொல்லுறா." உண்மைதான். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பிறகு செட்டிகுளம் முகாம். எந்த ஊரில் எந்த மரத்தடியில் தறப்பாள் கட்டினோம் என்றுகூடச் சொல்வார். காலையில் புட்டுச் சாப்பிட்டது மட்டும் நினைவில் இல்லை. மறதி நோய் அப்படித்தான் வரும். பழையது நெடுநாள் நிற்கும், புதியது பதியாது.

"சண்டையைக் கண்ட சனம், எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்று இங்கே சுலபமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் வருகிறது. சண்டை தந்த காயம் பொய்யில்லை. ஆனால் அது முடிந்தது 2009இல். அடுப்பில் பானையை வைத்துவிட்டு மறப்பது போன மாரிக்குப் பிறகு வந்தது. காரணம் தேடவேண்டாமா?

பெப்ரவரி 20

தாதியாக இருக்கும் தோழியோடு கதைத்தேன். விட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, வயதானவர்களுக்கு வரும் சலத் (சிறுநீர்) தொற்று, இவையும் மறதி நோய் மாதிரியே காட்டுமாம். கண்டுபிடித்தால் மருந்து உண்டு. இன்னொன்றும் சொன்னாள்: "பிடிவாதம் எண்டு நினையாதை. தனக்கு வருத்தம் எண்டு உணருகிற சக்தியும் மூளையில பழுதாகலாம்." அப்படியென்றால் வாதாடி என்ன பயன்? "மறந்துபோச்சே?" என்று கேட்பதை இன்றோடு விடுகிறேன்.

பெப்ரவரி 24

எனக்குப் பிரசர் கிளினிக். "தலை சுத்துது பெரியம்மா, துணைக்கு வாங்கோ" என்றேன். தலைச்சுற்று இருந்ததுதான், பொய் சொல்லவில்லை. நல்ல சேலை உடுத்தி, குடையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளிக்கிட்டுவிட்டார். பஸ்ஸில் என் கையை விடவேயில்லை.

தோழி டொக்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். எனக்குப் பிரசர் பார்த்த கையோடு, "அம்மாவுக்கும் பாப்பமே?" என்றார். பெரியம்மா கையை நீட்டினார். இரத்தமும் எடுத்தார்கள். இது என்ன மாதம் என்று கேட்டதற்கு, "படிச்ச பிள்ளை, உங்களுக்குத் தெரியாதே?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 3

பி12 நன்றாகக் குறைந்திருக்கிறது. ஊசி தொடங்கியாயிற்று. இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, தொடர்ந்து பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். கால் விறைப்புக்கு ஊசி என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். பி12 குறைந்தால் கால் விறைக்கும், அவருக்கு விறைக்கவும் செய்கிறது. அதனால் மறுக்கவில்லை.

அண்ணாவிடம் ஒன்று கேட்டேன். போனில் "நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்" என்று சோதிக்கவேண்டாம், பெயரைச் சொல்லியே கதையைத் தொடங்குங்கள் என்று. சரி என்றார்.