கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

இரண்டு மாதம் என் மகனின் பின்கழுத்தைக் கடலை மாவு போட்டுத் தேய்த்தேன். எட்டு வயதுப் பையன், வெயிலில் ஓடியாடுகிறான், வியர்வை அழுக்கு என்றுதான் நினைத்தேன். நான் வேலைக்குப் போன நாட்களில் என் மாமியார் பீர்க்கங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். அவர் மெக்சிகோவில் பிறந்து, கல்யாணமாகி டெக்சாஸின் சான் ஆன்டோனியோவுக்கு வந்தவர். நான் தஞ்சாவூர்ப் பக்கம். அந்தக் கறுப்பு தேய்த்தால் போய்விடும் என்று இரண்டு பேருமே நம்பினோம். "வலிக்குதும்மா" என்று அவன் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது.

மூன்றாம் வகுப்பில் பள்ளி நர்ஸிடமிருந்து கடிதம் வந்தது. டெக்சாஸின் பல பகுதிகளில் 1, 3, 5, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் கழுத்தைப் பள்ளியிலேயே பார்க்கிறார்கள். அந்தக் கருமைக்கு அகன்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கும்போது தோல் அப்படித் தடித்துக் கறுக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. தயவுசெய்து தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஏ1சி 5.8 வந்தது. 5.7-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. என் கணவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. அவருடைய அப்பா டயாலிசிஸில் இருந்து இறந்தவர்.

குழந்தைகளின் உடல் பருமனுக்காக அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023-இல் கொடுத்த வழிகாட்டுதலை டாக்டர் எங்களிடம் விளக்கினார். குழந்தையை மட்டும் உட்கார வைத்து அறிவுரை சொன்னால் போதாது. குடும்பத்தோடு, நேரில், குறைந்தது 26 மணி நேரம், 3 முதல் 12 மாதத்துக்குள் வகுப்பு வேண்டும். நாடு முழுக்கப் பார்த்தால் ஐந்தில் ஒரு குழந்தைக்கு உடல் பருமன் என்றால், மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்த குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல். அப்படி ஒரு வகுப்பில் சேர, காப்பீட்டு அனுமதிக்கும் காத்திருப்புக்கும் நான்கு மாதம் போனது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடாமல் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் போன கிளினிக்கில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. என் ஸ்பானிஷ் அடுக்களையோடு சரி. அங்கிருந்த பெண் என் மகனிடமே, "பாட்டிக்கு நீ எடுத்துச் சொல்" என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் ரொம்பக் குண்டாம், அபுவேலா" என்று ஸ்பானிஷில் சொன்னான். அவர் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், அவசரம் தவிர வேறெதற்கும் குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது இடத்தில் வகுப்பே ஸ்பானிஷில் நடந்தது. பெரும்பாலும் மெக்சிகோக் குடும்பங்கள், ஹோண்டுராஸிலிருந்து வந்த இரண்டு குடும்பம், நாங்கள். வாரம் ஒரு மாலை ஒன்றரை மணி நேரம், 14 வாரம். பிறகு மாதம் ஒரு முறை. முதல் நாள் எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. "வீட்டில் சமைப்பது யார்? பள்ளி விட்டு வந்ததும் பிள்ளையோடு இருப்பது யார்?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் மாமியார்தான். "அப்படியானால் அவர் வராமல் ஒன்றும் நடக்காது" என்றார்கள்.

வகுப்பை நடத்தியவர் ஒரு ப்ரொமோத்தோரா. டாக்டரோ நர்ஸோ இல்லை. அதே தெருக்களில் வாழ்ந்து, பயிற்சி பெற்று, தன் மக்களுக்கு உடல்நலம் பற்றிச் சொல்லித் தருபவர். உணவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் அட்டையைக் கொடுத்தார். லெனார்ட் எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர் பல வருடங்களுக்கு முன்பு உருவாக்கிய முறை அது. சிவப்பு என்றால் எப்போதாவது மட்டும். மக்காச்சோள மாவில் பூரணம் வைத்து அவிக்கும் தமாலே சிவப்பில் இருந்ததைப் பார்த்து மாமியார் முகம் சுருங்கியது. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் அக்கா தங்கைகள் எல்லாம் கூடி உட்கார்ந்து செய்வது அது. ப்ரொமோத்தோரா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "டிசம்பர் தமாலேயால் வந்ததில்லை, டோன்யா. தினமும் ஃப்ரிட்ஜில் இருக்கிறதே ஒரு ஜாடி, அதைப் பார்ப்போம்" என்றார். அந்த ஜாடியில் ஓர்ச்சாத்தா என்ற இனிப்பான அரிசிப் பானம், சில நாள் சர்க்கரை போட்ட செம்பருத்தித் தண்ணீர். செம்பருத்தி அப்படியே இருந்தது, சர்க்கரை வாரா வாரம் ஒரு கரண்டி குறைந்தது. அவருக்குக் கைவந்த நொபாலெஸ் என்ற கள்ளிப் பொரியலும் பீன்ஸும் அட்டையில் நல்ல இடத்தில் இருந்தன. அன்றைக்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

பெரிய மாற்றம் வீட்டில்தான் நடந்தது. இரவு அவர் கொமால் என்ற கல்லின் முன்னால் நின்றுகொண்டே இருப்பார். தோர்த்தியா என்ற மைதா ரொட்டி உப்பி வந்ததும் நேரே பேரன் தட்டுக்குப் போகும். அவன் ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது தயார். தோசைக்கல் முன் நிற்கும் என் அம்மாவே அங்கே நிற்பது போலிருக்கும். பிள்ளை போதும் என்று சொல்ல இடமே இல்லை. ப்ரொமோத்தோரா எண்ணிக்கையில் கையே வைக்கவில்லை. "எல்லாவற்றையும் முதலிலேயே சுட்டு, துணியில் சுற்றி மேசையில் வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்" என்றார். என் கணவர் நினைவு தெரிந்து அவருடைய அம்மா எல்லோரோடும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டது அந்த வாரம்தான் முதல் முறை. பையன் துணியை விலக்கி இரண்டு எடுத்தான். மூன்றாவதை அவனாகவே வேண்டாம் என்றான்.

கோர்தித்தோ, அதாவது குண்டுப் பையா, என்று கொஞ்சுவதை விட மாமியாருக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் வாயில் அது முழுக்க அன்புதான். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என் கணவரும் சோடாவை விட்டார். பெரியவர்கள் மாறாமல் பிள்ளையை மட்டும் மாறச் சொல்ல அங்கே யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஏழாவது மாதம் ஏ1சி 5.5. எடை குறையவில்லை, ஒரு கிலோ கூடத்தான் செய்தது. ஆனால் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான், அதனால் இது நல்ல கணக்கு என்றார் டாக்டர். கழுத்துக் கருமை கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. குளிக்கும்போது இப்போது வெறும் சோப்பு நுரைதான், யாரும் தேய்ப்பதில்லை.

இன்னும் இரண்டு மாத வகுப்பு பாக்கி. பக்கத்து வீட்டுப் பேத்திக்கும் பள்ளியிலிருந்து அதே கடிதம் வந்திருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று மாமியார் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.