அம்பாசிடர் இக்னிஷன் வேலை: பிளக்கில் தொடங்கி வேக்குவத்தில் முடிந்தது

வண்டி 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் நிதானமாகப் போய் வந்தாலும் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. சக்கரம் எதுவும் இறுக்கமாகச் சுற்றவில்லை, டயர் காற்றும் சரி. மிச்சம் இருந்தது இக்னிஷன், அதாவது பொறி கொடுத்துப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பகுதி. அதனால் ஒவ்வொரு உறுப்பாகத்தான் மாற்றுவது, நடுவில் மைலேஜ் பார்க்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதே பங்க், அதே சாலை, டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

முதலில் பிளக். இந்த என்ஜினுக்கு 14 மில்லிமீட்டர் மரை, நீளக் கழுத்துப் பிளக். கடையில் பிளக் வாங்கும்போது வெப்ப எண்ணைக் கவனிக்க வேண்டும். என்ஜிகேயில் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக். பாஷில் எண் கூடினால் சூடான பிளக். இரண்டும் நேர் எதிர். எண்ணை மட்டும் பார்த்து ஒரு கம்பெனிக்குப் பதில் இன்னொன்றை வாங்கினால் தப்பான பிளக்தான் கிடைக்கும். பிளக் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரிக்கும். 850-ஐத் தாண்டினால் அதுவே நேரத்துக்கு முன்னால் பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். நம் ஊர் மே மாத வெயிலை நினைத்து நான் என்ஜிகே பிபி6இஎஸ் போட்டேன், இடைவெளி 0.64 மில்லிமீட்டர்.

இரிடியம் பிளக்கும் போட்டுப் பார்த்தேன். காலையில் ஸ்டார்ட் கொஞ்சம் சுலபமானது. மைலேஜில் சொல்லும்படி எதுவும் இல்லை. இரிடியத்தின் உண்மையான லாபம் அது நாள்பட உழைப்பதுதான். சரியான இடைவெளி வைத்த சாதாரண பிளக் நல்ல பொறி தருகிற வரைக்கும், விலை அதிகமான பிளக் அதே பெட்ரோலிலிருந்து கூடுதலாக எதையும் எடுத்துத் தராது. பேட்டரி மின்சாரத்தைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றுவது காயில்; விலை கூடிய ஸ்போர்ட்ஸ் காயில் விஷயமும் இப்படித்தான். பொறி தாண்டுவதற்கு எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அவ்வளவு வரைதான் காயில் ஏறும். அழுத்தம் குறைந்த இந்தப் பழைய என்ஜினுக்குப் பழைய காயிலே போதும். மீட்டரில் காயிலின் பிரைமரி சுற்று மூன்று ஓம் பக்கம் காட்டியது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பிளக் ஒயரை இரவில் சோதித்தேன். விளக்கை அணைத்து, பானட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் கசிகிற ஒயர் நீலமாக மினுக்கும். மூன்றாவது சிலிண்டர் ஒயர் மினுக்கியது. நான்கையும் மாற்றியதும் ஐடிலிங்கில் இருந்த தடுமாற்றம் போய்விட்டது.

அடுத்து பிளாட்டினம் பாயிண்ட். பிளக்குகளுக்கு முறைவைத்துப் பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சுவிட்ச் இது; இது திறக்கும்போதுதான் பொறி வரும். இடைவெளி 0.36 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: பாயிண்டை முதலில் வைத்து, அதற்கப்புறம்தான் டைமிங், அதாவது பொறி வரும் நேரம். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். ஓட ஓட, பாயிண்டைத் தள்ளித் திறக்கும் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும், டைமிங் தானாகவே பின்வாங்கும். வருடக்கணக்கில் தொடாத வண்டி சோம்பிப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு மைலேஜ் அரை கிலோமீட்டர்கூட ஏறவில்லை. காட்பாடி பக்கம் பழைய வண்டிகளையே பார்க்கிற பாய் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. "வேக்குவம் பைப்பை வாயில வெச்சு உறிஞ்சிப் பாரு தம்பி" என்றார்.

அது கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் இருக்கும் வேக்குவம் டப்பாவுக்குப் போகும் பைப். கார்புரேட்டர் பக்கத்து முனையைக் கழற்றி உறிஞ்சினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டு அசையவே இல்லை, காற்று தாராளமாக வந்துகொண்டே இருந்தது. டப்பாவுக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருந்தது.

எனக்கு இந்த இடத்தில்தான் முழு விஷயமும் பிடிபட்டது. பாதி ஆக்ஸிலேட்டரில் ஒரே சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை மெல்லியது, குறைவானது. அது மெதுவாகத்தான் எரியும். அதனால் பொறி இன்னும் முன்னதாக வர வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் மேல் எல்லையைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் உச்ச அழுத்தம் கிடைக்கும். அந்தக் கூடுதல் முன்னேற்றத்தைக் கொடுப்பது வேக்குவம் டப்பா. அது செத்திருந்தால் நெடுஞ்சாலையில் பெட்ரோலின் ஒரு பகுதி வெறும் சூடாக சைலன்சர் வழியே போகும். இதுபோக, இப்போதைய இருபது சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய கார்புரேட்டர் இன்னும் மெல்லிய கலவையைத்தான் தருகிறது. ஆகவே இன்று அந்த டப்பாவின் வேலை முன்பைவிடப் பெரியது.

புது டப்பா கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. மாட்டியபின் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டில் ஐடிலிங் டைமிங் வைத்தேன். பிறகு பைப்பை மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு நட்டை ஒவ்வொரு கிளிக்காக முன்னால் நகர்த்தி, சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பதினோரு கிளிக்குக்குச் சுமார் ஒரு டிகிரி. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டை அந்தக் காலத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது.

எல்லை எது என்பதை ஏலகிரி ஏற்றத்தில் பார்த்தேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், மதிய வெயில், வண்டியில் நான்கு பேர். மூன்றாவது கியரில் அழுத்தும்போது தகரக் குவளையில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தால் டைமிங் அதிகம். வந்தது. கொஞ்சம் பின்னால் திருப்பினேன், சத்தம் நின்றது. மாலை நேரக் குளிரில் டைமிங் வைக்கிறவர்கள் வேலூர் வெயிலில் ஒருமுறை ஏற்றம் ஏறிப் பார்க்காமல் விடக்கூடாது.

இப்போது ஆம்பூர் சாலையில் லிட்டருக்குப் பத்தரை தருகிறது. கூடுதலாக ஒரு ஆளை ஏற்றியதுபோல இருந்த அந்தச் சோம்பல் இல்லை, இரண்டாவது கியரில் பிக்கப்பும் தெளிவாக இருக்கிறது. பிளக்கின் செராமிக் வெளிர் பழுப்பு. முன்பு வெள்ளையாக இருந்தது.

அடுத்த வேலை, என்ஜின் வேகம் கூடக் கூட டைமிங்கை முன்னால் தள்ளும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும். டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் சுழலும் ரோட்டரைக் கையால் திருப்பிவிட்டால் டக்கென்று திரும்பி வர வேண்டும், என்னுடையது தயங்கித்தான் வருகிறது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டும் வரவில்லை என்றால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடும் எண்ணமும் இருக்கிறது. குதிகால் தேய்ந்து டைமிங் பின்வாங்குவது அதோடு நிற்கும். போட்டாலும் பழைய பாயிண்டும் கண்டென்சரும் டிக்கியில் இருக்கும். மாட்யூல் வழியில் போய்விட்டால், சாலையோரத்திலேயே மாட்டி வீடு வந்து சேரலாம்.