எல் நினோ வந்தால் காடு காயுமா?

வைகாசி பிறந்துவிட்டால், பருவமழை ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்குப் பல்லடம், காங்கயம் பக்கமிருந்து போன் வரத் தொடங்கும். "எல் நினோ வருதாமுங்களே, இந்த வருசம் வெதைக்கலாமுங்களா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. "உங்களுக்குத் தண்ணி வாய்க்கால்லயா, வானத்துலயா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

நடுப் பசிபிக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்குத் தீர்க்கம் 170 முதல் 120 டிகிரி வரையுள்ள பரப்புக்கு நினோ 3.4 என்று பெயர். அங்கே கடல்மேற்பரப்பு வெப்பம் இயல்பைவிட 0.5 டிகிரி செல்சியஸ் கூடி, மாதக்கணக்கில் நிலைத்தால்தான் எல் நினோ. ஒரு வாரம் ஏறி இறங்கினால் கணக்கில் சேராது. வெதுநீர் கிழக்கே நகரும்போது மேலெழும் காற்றும் மேகமும் கூடவே போய்விடும்; நம் தலைக்கு மேல் காற்று கீழிறங்கும்; தென்மேற்குப் பருவமழை தளர வாய்ப்பு கூடும்.

கொங்குச் சமவெளிக்கு ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவது பெரும்பாலும் வெறுங்காற்று. மழை மலையிலேயே இறங்கிவிடும். ஆனால் பவானிசாகர் 105 அடியைத் தொடுவது அந்த மலை மழையால்தான். ஆகவே கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனக்காரர்கள் எல் நினோ செய்தியைக் கவலையோடு கேட்பது சரி.

வானத்தை மட்டும் நம்பிய மானாவாரிக் காட்டுக்கு (கொங்கில் மேட்டு நிலத்தைக் காடு என்போம்) இதே செய்தி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் எல் நினோ இருந்தால் கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்று ஈரத்தை அள்ளி வரும் வாய்ப்பு கூடுகிறது. 2015 அப்படித்தான் கொட்டியது. மறு ஆண்டு பசிபிக் குளிர்ந்தது, இந்தியப் பெருங்கடலின் இருமுனையும் (மேற்கு, கிழக்குப் பக்கங்களின் வெப்ப வேறுபாடு) எதிர்மறையாக நின்றது, அதாவது கிழக்குப் பக்கம் சூடாக இருந்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த கோடையில் பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளில் மட்டை தொங்கிக் கருகிய தென்னைகளை மறக்க முடியாது. எல் நினோ என்றாலே பஞ்சம் என்று பயந்து புரட்டாசி விதைப்பைக் கைவிடுவது பெரிய நஷ்டம்.

ஆனாலும் இது கெட்டியான விதி இல்லை. 2021-ல் லா நினா (பசிபிக் குளிர்ந்து நிற்கும் நிலை) இருந்தும் மழை கொட்டித் தீர்த்தது. 60 விழுக்காடு வாய்ப்பு என்றால், அப்படிப்பட்ட பத்து ஆண்டுகளில் நான்கு வேறு மாதிரி போகும். அந்த நான்கையும் சேர்த்துச் சொல்லாத ஆலோசனை அரைகுறைதான்.

பங்குனி, சித்திரையில் வெளியாகும் கணிப்பை நம்பி விதை வாங்க வேண்டாம். அந்த மாதங்களில் பசிபிக்கின் போக்கு பிடிபடாது. ஆனியில் ஒருமுறை, ஆவணிக் கடைசியில் ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டாவது முறை இருமுனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அரபிக்கடல் பக்கம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்திருந்தால் நமக்கு நல்லது.

கடல் சொல்வது பருவத்தின் மொத்த மழையை; விதைக்கிற நாளை அல்ல. 25 மி.மீ. பெய்தால் ஏக்கருக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர். மறுநாள் காலை மம்முட்டியால் ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் கொள்ளோ சோளமோ விதைக்கலாம். உதிர்ந்தால் அடுத்த மழைவரை விதை மூட்டையிலேயே இருக்கட்டும்.