கொசு விடுகிறார்கள்

மின்தூக்கி திறந்ததும் முகத்தில் நாலு கொசு. கீழ்த்தளத்தில் ஒருவர் டப்பாவைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தார்.

“பூந்தொட்டித் தட்டுல தண்ணி நின்னா நமக்கு அபராதம். இவங்களே கொசு விடுறாங்களா?” அத்தைக்கு ஆத்திரம்.

ஆண் கொசு அத்தை, கடிக்காது என்றேன். சுவரில் உட்கார்ந்திருந்த ஒன்றைக் கிட்டே போய்க் காட்டினேன். தலையில் இறகு மாதிரி அடர்ந்த மீசை. பெண்ணுக்கு இவ்வளவு அடர்த்தி கிடையாது.

டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இனம் ஏடிஸ். உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் ஏடிஸ் இவை. வெளியே திரியும் சாதாரணப் பெண் ஏடிஸ் இவற்றோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. டெங்கியைக் குறைக்க 2016இலிருந்து சிங்கப்பூரில் விடுகிறார்கள்.

புகையடித்துக் கொசுவை விரட்டிய ஊர். இப்போது கொசுவுக்குக் கொசுவே மருந்து!

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அப்புறம், சுவரில் பட்டென்று ஓர் அடி.