கதவில் ஒட்டிய தாள்

2020 கடைசியில் கனடாவின் மொன்றியலில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பெயர் மொழிபெயர்ப்பாளர் என்றாலும், உண்மையில் செய்தது, தமிழ் ஆட்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்களோடு பழகின ஒருவருக்குக் கொரோனா வந்திருக்கிறது, நீங்கள் பதினான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்வது. கோத்-தெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் எங்கள் சனம் நிறைய. ஒரு அறையில் மூன்று பேர் படுக்கிற வீடுகள், தொழிற்சாலை வேலை, முதியோர் இல்லத்து வேலை, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகள். அதனால் எங்கள் பட்டியல் ஒருநாளும் குறையவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கிழமை என் கைக்கு ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் வந்தது. யாரோ இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். வீட்டில் தனித்திருத்தல் என்று வரவேண்டிய இடத்தில் "தனிமைச் சிறை" என்று இருந்தது. "நீங்கள் 14 நாட்கள் தனிமைச் சிறையில் இருக்க வேண்டும்." கீழே அரசாங்க முத்திரை. இதைப் படிக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் உண்மையான சிறையையும் முகாமையும் பார்த்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர்கள் என்று அதை அச்சடித்தவருக்குத் தெரியாது. நான் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிசி, உடனே மின்னஞ்சல் அனுப்பினார். ஆனால் தாள் மாறி வர மூன்று கிழமை எடுத்தது. அதற்குள் எத்தனை கட்டடங்களின் வாசலில் அது ஒட்டப்பட்டதோ.

அப்புறம் ஜனவரி. இரவு எட்டு மணிக்குப் பிறகு வெளியே போகக்கூடாது என்று ஊரடங்கு போட்டிருந்த நேரம். அறுபது தாண்டிய ஒரு ஐயா, பாண் போடும் பேக்கரி ஒன்றில் இரவு வேலை. மனைவிக்குத் தொற்று, இவருக்கு இன்னும் ஒன்றுமில்லை. எனக்கு எழுதித் தந்திருந்த வசனங்களை நான் ஒப்புவிக்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, அதெல்லாம் சரி. பதினாலு நாள் நான் வீட்டுக்குள்ள இருந்தா வாடகையை ஆர் கட்டுறது?"

அந்தக் கேள்விக்கு என் தாளில் பதில் இல்லை. வீட்டில் இருக்க வேண்டியவர்களுக்கு மத்திய அரசு வாரத்துக்கு 500 டொலர் கொடுத்துக்கொண்டிருந்தது, அது எனக்குத் தற்செயலாகத் தெரியும், ஆனால் அதைச் சொல்லும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். விண்ணப்பிக்கத் தெரியாது என்றார். அன்று மாலை என் சொந்த நேரத்தில், என் சொந்தத் தொலைபேசியில், ஒவ்வொரு பெட்டியாக வாசித்துக் காட்டி நிரப்பிக் கொடுத்தேன். விதிப்படி செய்யக்கூடாத வேலைதான். அவர் பதினான்கு நாளும் வீட்டில் இருந்தார்.

எங்கள் குழுவில் ஒரு மூத்த தாதி, ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், ஆள் போதாமல் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். பிரெஞ்சுக் கியூபெக் குடும்பம், பல தலைமுறையாக இதே ஊர். நான் சிறைக் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எங்கள் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் கதவில் 'பிகோத்' என்று எழுதி ஒட்டுவார்கள், வீட்டுக்காரர் கிழித்துப் போடுவார்களாம்" என்றார். பிகோத் என்றால் இங்கத்தைப் பிரெஞ்சில் பெரியம்மை. அப்படித்தான் 1885இல் இந்த ஊரில் பரவிய பெரியம்மை பற்றி நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் தெரியாது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1885 பெப்ரவரி 28ஆம் தேதி. சிகாகோவிலிருந்து வந்த ரயிலில் வேலை பார்த்த ஜார்ஜ் லோங்லி என்ற நடத்துனர் காய்ச்சலோடு பொனவென்ச்சர் நிலையத்தில் இறங்குகிறார். பெரியம்மை. மொன்றியல் ஜெனரல் ஆஸ்பத்திரி அவரை ஏற்க மறுத்துவிட்டது. நகரத்துக்கென்று இருந்த அம்மை ஆஸ்பத்திரி நோயாளி இல்லாததால் மூடிக் கிடந்தது. கடைசியில் ஓதெல்-தியே என்ற கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி இரக்கப்பட்டு எடுத்துக்கொண்டது. அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்த பெலஜி ரொபிஷோ என்ற இளம்பெண் ஏப்ரல் 1ஆம் தேதி இறந்துபோனாள், அவள் சகோதரியும் அதே நோயில் போனாள். இதற்குள் நோய் வார்டுகளுக்குள் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி என்ன செய்தது தெரியுமா, அம்மைக் குறி தெரியாத நோயாளிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியது. நோய் உடம்பில் ஏறி, முகத்தில் தெரிய இரண்டு கிழமை ஆகும். அனுப்பப்பட்டவர்களில் சிலர் அதை நகரத்தின் கிழக்குப் பக்கத்து ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். நகரசபை வசந்த காலத்தில் அம்மை குத்த, அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அப்போதைய முறை கையில் கீறி, கன்றுக்குட்டியின் அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைத் தடவுவது, அதை அம்மைப்பால் என்பார்கள். அந்தப் பாலில் கேடு இருந்திருக்க வேண்டும், குத்திக்கொண்ட சிலருக்குக் கை வீங்கிச் சிவந்து அக்கி போலப் பரவியது. பயந்து நகரசபை குத்துவதையே நிறுத்திவிட்டது. பல வாரங்கள். மக்கள் மனதில் என்ன பதிந்திருக்கும்? முதலில் ஆஸ்பத்திரியே நோயை வீட்டுக்கு அனுப்பியது, பிறகு ஊசி கையை அழுகவைத்தது, பிறகு அவர்களே நிறுத்தினார்கள். ஆகஸ்டில் சாவுகள் ஏறத் தொடங்கியபோது, அதே நகரசபை வந்து எல்லோரும் குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்கிறது. நான் அந்தத் தெருவில் பிள்ளையோடு இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். திறந்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதைச் சொல்வதால் தடுப்பூசிக்கு எதிராகப் பேசினவர்களை நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். எமெரி-கோதேர் என்ற மூத்த வைத்தியர் வருஷக்கணக்காக அம்மை குத்துவது நஞ்சு என்று பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலப் பக்கத்தில் அலெக்சாண்டர் ரொஸ் என்ற வைத்தியர், அம்மையைக் கண்டு பயப்படாதீர்கள், குத்திக்கொள்ளாதீர்கள் என்று துண்டுப்பிரசுரம் அடித்து ஊரெல்லாம் விட்டார். அந்த இலையுதிர் காலத்தில் மொன்றியலிலிருந்து போகும் ரயில்களில் ஒன்ராறியோ அரசு வைத்தியர்களை ஏற்றிப் பயணிகளின் கையைப் பார்த்தது. ரொஸ்ஸின் கையைப் பார்த்தபோது குத்தின தழும்புகள் இருந்தன, அதில் ஒன்று புதிசு. அவர் பேச்சைக் கேட்டுப் பிள்ளைக்குக் குத்தாமல் விட்ட ஒரு தாயை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நகரபிதா ஒனோரே போக்ரான், பிரெஞ்சுக்காரர், பத்திரிகை நடத்தியவர். பச்சை மெட்ரோவின் கிழக்குக் கடைசி நிலையத்துக்கு அவர் பெயர்தான். எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன், யாரென்று யோசித்ததில்லை. அவர் தடுப்பூசியின் பக்கம் உறுதியாக நின்றார். சுகாதாரக் குழுவைத் திருத்தி அமைத்தார்கள், லூயி லபெர்ஜ் என்ற வைத்தியர் சுகாதார அதிகாரியாகப் பொறுப்பெடுத்தார். நோய் வந்த வீட்டுக் கதவில் தாள் ஒட்டு, நோயாளியைப் பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, வீடு வீடாகக் குத்து. வைத்திய முறையில் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் நோயாளியை எடுக்கப் போனவர்கள் சுகாதாரப் பொலிஸார். ரொபர்ட் ஹாரிஸ் என்ற ஓவியர் அதை வரைந்து, அந்த வருஷம் நவம்பரில் ஹார்ப்பர்ஸ் வீக்லியில் வந்தது. நோயாளியைப் பலவந்தமாகக் கொண்டுபோக வந்த ஆட்கள், அவர்களோடு மல்லுக்கட்டும் ஒரு பெண். அந்தப் படத்தை நான் அலுவலகக் கணினியில் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28 அன்று, தடுப்பூசி இனிக் கட்டாயம் என்ற செய்தி பரவியதும், கிழக்குப் பக்கத்துச் சுகாதார அலுவலகத்தைக் கூட்டம் சூழ்ந்து நொறுக்கியது. பிறகு மருந்துக் கடைகள், வைத்தியர்களின் வீடுகள், கடைசியில் நகர மண்டபத்துக்கே வந்து கண்ணாடிகளை உடைத்தது. பொலிஸ் தலைவர் அடிபட்டார். நோயில் படுத்திருந்த போக்ரான் எழுந்து வந்து இராணுவத்தைக் கூப்பிட்டார். இதே ஊரில் பத்து வருஷத்துக்கு முன், 1875இலும், கட்டாய அம்மை குத்தலுக்கு எதிராகக் கலவரம் நடந்திருக்கிறது. நகரசபைக்கு அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

கதவில் ஒட்டின தாளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அந்தக் காலத்தில் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. வாசலில் தாள் இருந்தால் அப்பனை முதலாளி எடுக்கமாட்டான், கடைக்காரன் கடன் தரமாட்டான். கிழிக்காமல் என்ன செய்வார்கள்? என் பேக்கரி ஐயா கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்கள் கையால் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகள் இவர்களை ஊத்தை, அறியாமை, மூடநம்பிக்கை என்று எழுதின. அந்த வருஷம் நவம்பரில் மேற்கில் கிளர்ச்சி நடத்திய, பிரெஞ்சு பேசும் தலைவர் லூயி ரியேலைத் தூக்கில் போட்டபோது இரண்டு மொழிக்காரருக்கும் இடையிலிருந்த கசப்பு இன்னும் ஏறியது. அம்மையில் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிரெஞ்சுக்காரர், பெரும்பாலானவர்கள் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

இங்கே எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் கொப்பளிப்பான் வந்தபோது அம்மம்மா முதலில் செய்தது படலையில் வேப்பங்குழை கட்டினதுதான். "அம்மாள் வந்திருக்கிறா, சத்தம் போடாதையுங்கோ." அதைப் பார்த்த யாரும் உள்ளே வரமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டு, இளநீரை வைத்துவிட்டுப் போவார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் கதவில் ஒட்டின தாள்தான், இங்கே தொற்று இருக்கிறது, வராதே என்ற அதே அறிவிப்பு. அதைக் கட்டினது வீட்டுக்காரி. கட்டியதால் இளநீர் வந்தது. யாரும் அதைக் கிழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வேப்பிலை பெரியம்மையை நிறுத்தாது, அதை நிறுத்தினது தடுப்பூசிதான், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் சொல்வது அறிவிப்பைப் பற்றி.

மொன்றியலிலும் கடைசியில் கதவைத் திறக்கவைத்தது பொலிஸ் மட்டும் இல்லை. ஆயர் ஃபாப்ர் பாதிரிமாரிடம், குத்திக்கொள்ளும்படி சனத்துக்குச் சொல்லுங்கள் என்றார். தொழிற்சாலைகளில் வேலை நேரத்திலேயே குத்தினார்கள். பொருட்காட்சித் திடல் கட்டடங்களை நகரம் எடுத்து ஆஸ்பத்திரியாக்கியது. அம்மை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க ப்ரொவிடென்ஸ் சபைக் கன்னியாஸ்திரிகள் வந்தார்கள், அதே மொழி பேசுகிற, அந்தச் சனத்துக்குத் தெரிந்த முகங்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கும் பறிகொடுப்பதற்கும் இருக்கிற வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அக்டோபர்தான் மிக மோசமான மாதம், பிறகு குறைந்து 1886இல் அடங்கியது. அதற்குள் நகரத்தில் மட்டும் 3,000க்கு மேல், மாகாணம் முழுக்க ஏறக்குறைய 6,000 உயிர்கள். வசந்த காலத்தில் நல்ல பால் கிடைத்து, யாராவது வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

பெப்ரவரியிலிருந்து நான் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். கூப்பிட்டதும் முதல் கேள்வி, வீட்டில் சாப்பாடு இருக்கா? இரண்டாவது, எங்கே வேலை, சம்பளம் நிற்குமா? அதற்குப் பிறகுதான் பதினான்கு நாள். ஒரு அழைப்புக்குக் கொடுத்த நிமிடக் கணக்கு எனக்கு ஒருநாளும் பொருந்தவில்லை, அதற்காக இரண்டு தடவை பேச்சும் வாங்கினேன். மூத்த தாதி எனக்காகப் போய்ப் பேசினார்.

ஏப்ரலில் என்னைத் தடுப்பூசி நிலையத்துக்கு மாற்றினார்கள். ஒருநாள் வரிசையில் நின்ற ஒருவர் என் குரலைக் கேட்டுத் திரும்பினார். "நீர்தானே அந்தப் பிள்ளை, போனில கதைச்சது?" பேக்கரி ஐயா. மனைவி பக்கத்தில், சுகமாகியிருந்தார். கதிரையில் உட்கார்ந்து இடது சட்டைக்கையை மேலே சுருட்டினார். தோளுக்குக் கீழே ஐம்பது சதக் காசளவில் வட்டமாக, தோல் சுருங்கின பழைய தழும்பு.

"இது அம்மை குத்தினது. பள்ளிக்கூடத்தில வரிசையில விட்டுக் குத்தினவை, நான் அழேல்ல," என்றார். தாதிக்கு அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் குனிந்து, கையுறை போட்ட விரலால் அந்தத் தழும்பை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்கு இரண்டு விரல் தள்ளிப் பஞ்சை வைத்துத் துடைத்தார்.